நாலு இடத்துக்கு ஒரே டிக்கெட்

எங்கள் மாப்பிள்ளை, மகளோடு இருந்த வீட்டைவிட்டுப் போகப்போகிற நாளில்தான் நானும் என் வீட்டுக்காரரும் ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பினோம். அவருக்கு விஷயம் தெரியாது. எனக்குத் தெரியும். மகள் போன் செய்து வரலாம் என்று சொல்கிற வரைக்கும் அவரை வீட்டுப் பக்கமே வரவிடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

முந்தின நாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே மகள் சொன்னாள். குழாயைக்கூட மூடவில்லை.

"அம்மா, நாளைக்கு அவர் வேற வீட்டுக்குப் போறார். நாங்க பிரியறோம். நீங்க வர்றதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டோம். உங்களுக்கு விமான டிக்கெட் எல்லாம் போட்டாச்சு, அதனால நீங்க இருக்கிற வரைக்கும் ஒண்ணா இருந்துடலாம்னு பார்த்தோம். முடியல."

"யார் மேலடி தப்பு?"

"யார் மேலயும் இல்லம்மா."

அந்தப் பதிலைக் கேட்டுத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடிக்கிறான் என்று சொல்லட்டும், அடிக்கிறான் என்று சொல்லட்டும், இவள்தான் ஏதோ செய்துவிட்டாள் என்றாவது சொல்லட்டும். சண்டை போட ஒரு ஆள் கிடைக்கும். யார் மேலும் தப்பில்லை என்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

"அப்பாகிட்ட சாயங்காலம் நானே சொல்லிக்கிறேன்" என்றாள். "நீ அவரை வெளியே கூட்டிட்டுப் போயிடு. அப்பா இங்க இருந்தா அழுவார், கெஞ்சுவார், பெட்டியைப் பிடிச்சு இழுப்பார். அவரைத் தாண்டி இவரால போக முடியாது. இவர் போகலைன்னா என்னால இருக்க முடியாதும்மா."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் பிரசவ வலி என்று ஒன்று வந்திருந்தால் அப்படித்தான் பார்த்திருப்பாள் என்று தோன்றியது. சரி என்று சொல்லிவிட்டேன்.

நாங்கள் வந்த நாளிலிருந்து இருவரும் ஒருவருக்கொருவர் தேங்க்ஸ் சொல்வதும் சாரி சொல்வதுமாக இருந்தார்கள். உப்பை எடுத்துக் கொடுத்தால் தேங்க்ஸ். நடக்கும்போது தோள் இடித்தால் சாரி. என் வீட்டுக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. "பார்த்தியா, என்ன மரியாதை. நீ என்னைக்காவது என்கிட்ட இப்படிப் பேசியிருக்கியா?" என்று தினமும் என்னைக் குத்திக் காட்டினார். நானும் வெளிநாட்டுப் பழக்கம் என்று நினைத்துவிட்டேன். கட்டின புருஷன் தண்ணீர் எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி சொல்கிறவளைப் பார்த்தபோதே பெற்றவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

காலையில் வழக்கம்போல் நாலு பேருக்குச் சமைத்தேன். மாப்பிள்ளையின் பங்கை நீல மூடி டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். கை அதன் பாட்டுக்குச் செய்தது. வீட்டைவிட்டுப் போகிறவருக்கு எதற்கு டப்பா என்று மூடியை அழுத்தும்போதுதான் தோன்றியது. எடுத்து வெளியே வைக்க மனசு வரவில்லை.

மாப்பிள்ளை வாசல்வரைக்கும் வந்தார். என் வீட்டுக்காரரின் குளிர்ச்சட்டை ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டிருந்ததைக் குனிந்து சரிசெய்து, கழுத்துவரை ஏற்றிவிட்டார்.

"காத்து அடிக்கும் மாமா. இறக்காதீங்க."

"வந்து பேசுவோம் மாப்பிள்ளை. எல்லாத்தையும் பார்த்துட்டு வந்து கதை கதையா சொல்றேன்."

"பார்த்துப் போயிட்டு வாங்க மாமா."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. நானும் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு டிக்கெட் என்றால் சாமி மாதிரி. மகள் வாங்கிக் கொடுத்தது ஒரே டிக்கெட், அதில் நாலு இடம் பார்க்கலாம்: பெரிய அருங்காட்சியகம், பழைய வண்டிகள் வைத்திருக்கிற இடம், உயரமான கோபுரம், மீன் காட்சிசாலை. முதல் இடத்தில் கவுண்டரில் இருந்த பெண் அதை வாங்கிக்கொண்டு எங்கள் மணிக்கட்டில் ஆளுக்கொரு மஞ்சள் பட்டையைச் சுற்றி ஒட்டிவிட்டாள். பார்த்தால் காகிதம், இழுத்தால் அறுபடவில்லை. அவர் இழுத்து இழுத்துப் பார்த்தார்.

"என் பஸ்ல ஏறினவனுங்களுக்கு இப்படி ஒண்ணைக் கட்டிவிட்டிருந்தா நான் தொண்டை கிழியக் கத்தியிருக்க வேண்டாம்" என்றார்.

அதன்பிறகு கேட்டவர்கள் கேட்காதவர்கள் எல்லோருக்கும் கையை நீட்டிக் காட்டினார். தரை துடைக்கிற அம்மாளுக்குக்கூடக் காட்டினார். அந்த அம்மாள் தலையை ஆட்டி, நல்லா இருக்கு என்கிற மாதிரி சிரித்தாள்.

"மீன் காட்சிசாலைக்கு மட்டும் வேண்டாம்" என்று வரும்போது பஸ்ஸிலேயே சொல்லியிருந்தேன். "மீனைப் பார்க்க இவ்வளவு தூரம் விமானம் ஏறி வரணுமா? நம்ம மீன் கடைல பார்க்காத மீனா?" அவருக்கு முகம் சுண்டிவிட்டது. டிக்கெட்டில் இருக்கிற இடத்தைப் பார்க்காமல் விடுவது அவரைப் பொறுத்தவரை பாதி வழியில் பஸ்ஸிலிருந்து இறங்குகிற மாதிரி. ஆனாலும் எனக்காக விட்டுக் கொடுத்தார். "சரி, மூணு இடம். கோபுரத்தோட முடிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிடலாம்." மூணு இடம் பார்த்து முடிப்பதற்குள் சாயங்காலமாகிவிடும் என்று நானும் கணக்குப் போட்டிருந்தேன்.

பெரிய அருங்காட்சியகத்தில் மூக்கில்லாத தலைகளும் தலையில்லாத உடம்புகளும் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் கண்ணாடிப் பெட்டி, விளக்கு, பக்கத்தில் காவலுக்கு ஒரு ஆள். உடைந்துபோனதை இத்தனை பத்திரமாக வைத்திருக்கிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அங்கே வீட்டில் இந்நேரம் எந்த அலமாரியைத் திறக்கிறார்களோ. மாப்பிள்ளை சட்டைகள் ஒரு பக்கம், இவள் புடவைகள் ஒரு பக்கம். கல்யாணத்துக்கு நாங்கள் வாங்கிக் கொடுத்த பெரிய போர்வை யார் பக்கம் போகும்? எத்தனை பெரிய மனுஷி நான், உட்கார்ந்து போர்வையைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தேன்.

"என்ன, பேசவே மாட்டேங்கிற?" என்றார்.

"பார்த்துட்டு இருக்கேன்."

"அந்தச் சிலையைப் பாரு. கையே இல்ல, ஆனா நிக்கிற தோரணையைப் பாரு."

பார்த்தேன். கையில்லாமல் நின்றது. அது எப்படி நின்றால் எனக்கென்ன.

பழைய வண்டிகள் இருந்த இடத்தில் அவர் சின்னப் பிள்ளையாகிவிட்டார். ஒரு பழைய பஸ் நின்றது, பின்பக்கம் திறந்த படிக்கட்டு, பிடித்துக்கொள்ள ஒரு பித்தளைக் கம்பி. ஏறிப் பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறதோ இல்லையோ, அவர் ஏறிவிட்டார். படியில் ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, "போலாம், ரைட்" என்றார். சுற்றி நின்றவர்களுக்குப் புரியவில்லை. இரண்டு பேர் கைதட்டினார்கள்.

"போனைக் குடு. மாப்பிள்ளைக்கு இதைக் காட்டணும்."

போனைக் காலையிலேயே வாங்கி என் கைப்பையில் போட்டு வைத்திருந்தேன்.

"அவர் வேலையா இருப்பார். எதுக்குத் தொந்தரவு?"

"ஞாயித்துக்கிழமை என்ன வேலை? குடு."

பையில் தேடுகிற மாதிரி துழாவினேன். சீப்பை எடுத்தேன், கைக்குட்டையை எடுத்தேன். அவர் பையைப் பிடுங்கி, ஒரே கையில் போனை எடுத்துவிட்டார். மற்றவர்கள் சட்டைப் பையிலிருந்து சில்லறை வரவழைத்தே பழகின கை அது.

எடுக்காதே என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். எடு என்றும் வேண்டிக்கொண்டேன். மாப்பிள்ளை எடுத்தார். அவர் எப்போதும் மாமா போனை எடுக்காமல் விட்டதில்லை. வீட்டைவிட்டுப் போகிற அன்றைக்கும் அந்தப் பழக்கம் விடவில்லை போலிருக்கிறது.

"சொல்லுங்க மாமா."

வீடியோவில் தன் முகமும் பின்னால் கூரையும் மட்டும் தெரிகிற மாதிரி போனைப் பிடித்திருந்தார். என் வீட்டுக்காரர் பஸ்ஸின் ஒவ்வொரு ஆணியையும் காட்டினார். மணிக்கயிறு, மர சீட்டு, டயர். மாப்பிள்ளை ஒவ்வொன்றுக்கும் "ஆமா மாமா", "அருமை மாமா" என்றார். நடுவில் பரபரவென்று டேப்பைக் கிழிக்கிற சத்தம் கேட்டது.

"என்ன சத்தம் மாப்பிள்ளை?"

"பார்சல் ஒண்ணு ஒட்டறோம் மாமா."

"அடுத்த ஞாயித்துக்கிழமை நாம ரெண்டு பேரும் இங்க வரோம். இவளுக்கு பஸ்ஸோட அருமை தெரியல. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கிறா."

"சரி மாமா."

சரியாம். எப்படிப்பட்ட சரி அது. வாய் கூசாமல் சொல்கிறாரே என்று கோபம் வந்தது. இல்லை என்று சொல்லியிருந்தால் அதற்கும் கோபப்பட்டிருப்பேன்.

"இந்தா, மாப்பிள்ளைகிட்ட நீயும் ரெண்டு வார்த்தை பேசு" என்று போனை என் கையில் திணித்துவிட்டு அவர் மறுபடி படியில் ஏறினார்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். "அத்தை" என்றவர் அதோடு நின்றுவிட்டார். அவர் கண் சிவந்திருந்தது. என் வீட்டுக்காரர் கைக்கெட்டுகிற தூரத்தில் நின்று பித்தளைக் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தார். முந்தின நாளிலிருந்து எத்தனை வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். போகாதீங்க. இன்னொரு தடவை யோசிங்க. அவ கோபக்காரி, ஆனா மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டா. நாங்க என்ன குறை வெச்சோம்?

"சாப்பிட்டீங்களா?" என்றேன்.

"இன்னும் இல்ல அத்தை."

"மேல் தட்டுல நீல மூடி டப்பால வெச்சிருக்கேன். சூடு பண்ணிச் சாப்பிடுங்க."

"சரி அத்தை."

"வெறும் வயித்தோட..." என்று ஆரம்பித்தேன். போகாதீங்க என்று முடிக்க வேண்டிய வாக்கியம். "இருக்காதீங்க" என்று முடித்தேன். அவர் தலையசைத்தார். போன் அணைந்தது.

"இதைச் சொல்லத்தான் போனைக் குடுத்தேனா?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். "உனக்கு உலகமே ஒரு டப்பாதான்."

வெளியே வரும் வழியில் இருந்த கடையில் கைக்கு அடக்கமாக அதே பஸ்ஸைச் செய்து வைத்திருந்தார்கள். ஒன்றை வாங்கினார். "மாப்பிள்ளை ரூம் மேஜை மேல வெக்கலாம். கம்ப்யூட்டர் பக்கத்துல அழகா இருக்கும்." வேண்டாம் என்று சொல்ல என்னிடம் காரணம் இல்லை. கடைக்காரி அதைச் சுற்றிக் கொடுத்தாள்.

கோபுரத்தின் வாசலில் சங்கிலி போட்டிருந்தது. அங்கே நின்றிருந்த காவலாளி வானத்தைக் காட்டி, கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். மேலே காற்று அதிகம், யாரையும் ஏற்றுவதில்லை என்று புரிந்துகொண்டோம். என் வீட்டுக்காரர் பட்டையைக் காட்டினார். காவலாளி பட்டையைப் பார்த்தார், மறுபடி வானத்தைக் காட்டினார்.

"சரி விடு" என்றார் என்னிடம். "காலும் வலிக்குது. வீட்டுக்குப் போலாம். மாப்பிள்ளைகூட உக்காந்து ஒரு காபி குடிச்சா சரியாயிடும்."

சாயங்காலம் ஆக இன்னும் எவ்வளவோ இருந்தது. மகளிடமிருந்து போன் வரவில்லை. இப்போது ஒரு தலையசைத்தால் போதும், வந்த பஸ்ஸில் ஏறி வீட்டு வாசலில் போய் நின்றுவிடலாம். இவர் பெட்டியைப் பிடித்து இழுப்பார். கெஞ்சுவார். காலில்கூட விழுவார், வெட்கப்படுகிற ஆள் இல்லை. மாப்பிள்ளை அவரைத் தாண்டிப் போக மாட்டார். குடும்பம் நின்றுவிடும். என் பிழை ஒன்றுமில்லை, கோபுரம் மூடியிருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். என் மனசு அந்தப் பக்கமே சாய்ந்தது, பொய் சொல்லவில்லை.

ஆனால் குழாயை மூடாமல் நின்ற அந்த முகம் வந்து நின்றது. இவர் போகலைன்னா என்னால இருக்க முடியாதும்மா.

"மீனைப் பார்க்கணும்" என்றேன்.

"என்ன?"

"மீன் காட்சிசாலைக்குப் போகணும். எனக்குப் பார்க்கணும் போல இருக்கு."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். மாட்டிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. அப்படி மலர்ந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீயா வாயைத் திறந்து ஒரு இடத்துக்குப் போகணும்னு கேட்டதில்ல" என்றார். "எங்க கூப்பிட்டாலும் அடுப்பு இருக்கு, துணி இருக்கும்ப. இன்னைக்குத்தான் கேட்டிருக்க. கால் உடைஞ்சாலும் கூட்டிட்டுப் போவேன், வா."

போகிற வழியெல்லாம் காலை ஒரு மாதிரி இழுத்து இழுத்துத்தான் நடந்தார். வலிக்கிறதா என்று கேட்டால், இல்லவே இல்லை என்றார்.

மீன் காட்சிசாலையில் ஒரு கண்ணாடிச் சுரங்கம். தலைக்கு மேலும் இரண்டு பக்கமும் தண்ணீர். அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, எழுதியிருக்கிறதைப் படிக்கத் தெரியாமலே ஒவ்வொரு மீனுக்கும் ஒரு விளக்கம் சொன்னார். "இது தனியாவே திரியும், யார்கூடவும் சேராது." "அது பொண்ணு, இது மாப்பிள்ளை, பாரு பின்னாடியே போறான்." நான் ம் ம் என்றேன். அப்போது போர்வை அகலத்துக்கு ஒரு தட்டை மீன் எங்கள் தலைக்கு மேல் வந்தது. அடிவயிற்றில் வாய், வெளுத்த வயிறு. அவசரமே இல்லாமல், எதையும் இடிக்காமல், அப்படியே மிதந்து போனது. நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு நிமிஷமோ இரண்டு நிமிஷமோ, எனக்கு மகள் இல்லை, மாப்பிள்ளை இல்லை, எதுவுமே ஞாபகம் இல்லை. அது கண்ணைவிட்டு மறைந்ததும் எல்லாம் ஒன்றாகத் திரும்பி வந்தது. அழுதுவிட்டேன்.

"மீனைப் பார்த்து அழுற ஆளை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்" என்று என் தோளைத் தட்டினார். "இதுக்கா வேண்டாம்னு சொன்ன?" அவருடைய கைக்குட்டையைக் கொடுத்தார். அந்த மனுஷனுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் எங்கள் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

காட்சிசாலையை மூடுகிறார்கள் என்று எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். போன் இன்னும் வரவில்லை. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். எங்கள் பஸ் வந்தது. குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன், பஸ் போய்விட்டது. அடுத்தது வந்தது. மயக்கமாக இருக்கிறது, கொஞ்சம் காற்று வாங்க வேண்டும் என்றேன்.

"வந்த பஸ்ஸை விடுறதாவது" என்று அவர் தவித்தார். வேலையில் இருந்த காலமெல்லாம் நிறுத்தத்தில் நின்றவரை ஏற்றாமல் விட்டதில்லை என்று பெருமையடித்துக்கொள்கிறவர். ஆனாலும் எனக்காகப் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். அவர் மணிக்கட்டுப் பட்டை என் மணிக்கட்டுப் பட்டையில் உரசியது.

போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"வரலாம்மா" என்றாள் மகள். போனைப் பைக்குள் போட்டேன்.

"யாரு?"

"உங்க பொண்ணு. வரச் சொல்றா."

"பார்த்தியா, காணோமேன்னு தேடியிருக்காங்க" என்று எழுந்தார். அடுத்த பஸ்ஸில் ஏறும்போது கையை நீட்டிப் பட்டையை டிரைவருக்குக் காட்டினார்.

மகள் கதவைத் திறந்தாள். தலை குளித்திருந்தாள். வீடு பெருக்கித் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. செருப்பு அடுக்கில் ஒரு தட்டு காலி. என் வீட்டுக்காரர் அதைக் கவனிக்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே நேராக மாப்பிள்ளையின் அறைக்குப் போனார்.

"மாப்பிள்ளை, கண்ணை மூடுங்க" என்ற குரல் கேட்டது.

நானும் மகளும் போய் எட்டிப் பார்த்தோம். கையில் பஸ்ஸை வைத்துக்கொண்டு அறை நடுவில் நின்றிருந்தார். அதை வைக்க மேஜை இல்லை. மேஜை இருந்த இடத்தில் தரையில் நாலு கால் தடம் மட்டும் இருந்தது.

"அப்பா, உக்காருங்க" என்றாள் மகள். உட்கார நாற்காலியும் இல்லை. நின்றபடியே கேட்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், என்னிடம் சொன்ன அதே வார்த்தைகளில். அவர் அழவில்லை, கெஞ்சவில்லை. கெஞ்சுவதற்கு ஆள் போயாயிற்று.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. சமையலறைக்குப் போனேன். நீல மூடி டப்பா கழுவித் துடைத்து, அதன் இடத்தில் கவிழ்த்து வைத்திருந்தது. மூடி பக்கத்தில். எடுத்துக்கொண்டு போயிருந்தால் திருப்பித் தரவாவது ஒரு நாள் வர வேண்டியிருக்கும். மாப்பிள்ளை எதிலும் பாக்கி வைக்கிறவர் இல்லை.

திரும்பி வந்தபோது அவர் கூடத்தில் சோபாவில் இருந்தார். பஸ் மடியில் இருந்தது. மகள் தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலில் தலையைச் சாய்த்திருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றார் என்னிடம்.

"நேத்தே தெரியும்."

"அப்போ அந்த மீன்..." என்றார். முடிக்கவில்லை. மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்பார், என்னைத் திட்டுவார் என்றெல்லாம் பஸ்ஸில் வரும்போது பதில் தயார் செய்து வைத்திருந்தேன். மீனைப் பற்றிக் கேட்பார் என்று நினைக்கவே இல்லை.

"பார்க்கணும்னு கேட்டது பொய்தான்" என்றேன். "ஆனா பார்த்தேங்க."

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. மணிக்கட்டில் இருந்த பட்டையை இழுத்தார். இன்னொரு விரலையும் நுழைத்து இழுத்தார். தோல் சிவந்தது.

"கத்திரிக்கோல் குடும்மா" என்றார் மகளிடம்.

அவள் எழுந்து அறைப் பக்கம் இரண்டடி வைத்தாள். நின்றுவிட்டாள்.

"அது அந்த மேஜை டிராயர்ல இருந்துச்சுப்பா."

அவர் மறுபடி இழுத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையை என் மடியில் வைத்துக்கொண்டு, குனிந்து பல்லால் கடித்தேன். அறுபடவில்லை. அவர் கையை எடுத்துக்கொள்ளவும் இல்லை. நான் கடித்துக்கொண்டே இருந்தேன்.